நரம்பு கிடைக்கவில்லையா, பிடி சரியில்லையா?

அவசரப் பிரிவில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு டிரிப்ஸ் போட மூன்று முறை குத்தியும் ஏறவில்லை என்றால், பெற்றோருக்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "நரம்பு கிடைக்கலைங்க." (நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் சிரை, அதாவது ரத்தக்குழாய். வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் இங்கும் நரம்பு என்றே இருக்கட்டும்.) சில நேரம் அது உண்மைதான். ஆனால் அந்த மூன்று குத்தலையும் ஓரமாக நின்று பார்த்தால் வேறு கதை தெரியும். முதல் முறை ரத்தம் வந்தது. குழந்தை கையை வெடுக்கென்று இழுத்ததில் குழாய் நரம்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. இரண்டாம் முறை கையைப் பிடித்தவர் இறுக்கிய இறுக்கில் புறங்கை வெளுத்து, அதுவரை தெரிந்த நரம்பும் மறைந்தது. மூன்றாம் முறை பிடிக்க வந்த நால்வரில் ஒருவருடைய தலை விளக்கை மறைத்தது.

ஊசி போடுவதற்குப் பயிற்சி உண்டு. எந்த அளவு கானுலா (ஊசியின் மேல் பொருத்தி நரம்புக்குள் விடும் பிளாஸ்டிக் குழாய்), எந்தக் கோணம், எந்த இடம் என்பதெல்லாம் பாடத்தில் இருக்கிறது. பிடிப்பதற்கு மட்டும் "யாராவது கொஞ்சம் வந்து புடிங்க" என்ற ஒரு குரல்தான். அந்த நேரத்தில் கை காலியாக இருப்பவர் வருகிறார். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. பலம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறார்.

பிடிப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் குழந்தைக்கு இப்போது நரம்பில் ஊசி வேண்டுமா? வயிற்றுப்போக்கோடு வருகிற குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வேண்டாம். ஓரளவு நீரிழப்பு இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் "பி" திட்டப்படி எடையில் கிலோவுக்கு 75 மில்லி ஓ.ஆர்.எஸ். கரைசலை 4 மணி நேரத்தில், ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாலே போதும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்தி, இன்னும் மெதுவாகத் தொடரலாம். கடுமையான நீரிழப்பில் நரம்பு வழிதான் முதல் தேர்வு. அது முடியாத இடத்தில் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் கிலோவுக்கு மணிக்கு 20 மில்லி வீதம் 6 மணி நேரம் ஓ.ஆர்.எஸ். கொடுக்கும் வழியும் அதே நிறுவனத்தின் "சி" திட்டத்தில் இருக்கிறது. வலிப்போடு வரும் குழந்தையின் உதறும் கையை நான்கு பேர் அமுக்கிப் பிடித்து நரம்பு தேடுவது வீண்வேலை. வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மருந்தை கிலோவுக்கு 0.2 மி.கி. அளவில் மூக்கில் விட்டுவிட்டு, உதறல் நின்ற பிறகு நிதானமாக நரம்பைத் தேடலாம்.

பிடிப்பதே ஆபத்தாகும் குழந்தைகளும் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்து, நிமிர்ந்து உட்கார்ந்தே இருக்க விரும்பும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. ஏற்கெனவே குறுகியிருக்கும் மூச்சுப்பாதை, அழுது திமிறும்போது முழுவதுமாக அடைத்துக்கொள்ளலாம். அந்தக் குழந்தை அம்மா மடியிலேயே இருக்கட்டும். மூச்சுப்பாதையைக் கையாளத் தெரிந்தவர் வரும்வரை ஊசியை யாரும் எடுக்க வேண்டாம். பிறவி இதயக் கோளாறுகளில் ஃபாலோ டெட்ராலஜி உள்ள குழந்தைக்கு அழுகையே நீலம் பாய்வதைத் தூண்டும். அதை முழங்கால் மார்பில் படும்படி மடக்கி அணைத்தபடிதான் எதையும் செய்ய வேண்டும்.

ஊசி வேண்டும் என்று முடிவானால், அடுத்தது எப்படி உட்கார வைப்பது என்பது. மேசையில் மல்லாக்கப் போட்டு ஆளுக்கொரு கை, காலைப் பிடிப்பதுதான் நம் ஊர் வழக்கம். அம்மாவை வெளியே அனுப்பிவிடுவதும் வழக்கம். குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது என்ன? தெரிந்த முகம் போய்விட்டது, கூரை தெரிகிறது, தெரியாத நான்கு முகங்கள் மேலே குனிந்திருக்கின்றன, அசைய முடியவில்லை. ஊசி தொடுவதற்கு முன்பே குழந்தை வீறிட்டு அழுகிறது என்றால் அது வலியால் அழவில்லை. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், 9 மாதம் முதல் 4 வயது வரையிலான 118 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைப் பெற்றோர் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தும் மற்றதை மேசையில் படுக்க வைத்தும் கானுலா போட்டார்கள். மடியில் இருந்தவர்களின் அவதி தெளிவாகவே குறைவாக இருந்தது. அதற்காகக் குத்தல்களின் எண்ணிக்கை கூடவும் இல்லை.

மடியில் வைப்பதற்கு இரண்டு முறைகள். முதலாவது, நெஞ்சோடு நெஞ்சு. அம்மாவோ அப்பாவோ சக்கரமில்லாத, முதுகு சாய்க்கும் நாற்காலியில் உட்கார வேண்டும். குழந்தை அவரைப் பார்த்தபடி, இரு கால்களையும் அவர் இடுப்பின் இருபுறமும் போட்டு, இடுப்பில் தூக்கி வைத்தது போலவே உட்காரும். ஊசி போட வேண்டிய கையை அவருடைய அக்குளுக்கு அடியில் விட்டு முதுகுப்பக்கம் வெளியே எடுக்க வேண்டும். அவர் தன் மேல்கையை லேசாக உடம்போடு ஒட்டினால் குழந்தையின் தோள் நகராது. ஊசி போடுபவர் பெற்றோரின் முதுகுக்குப் பின்னால், ஒரு சிறு மேசையில் தலையணை வைத்து வேலை செய்வார். இதில் ஊசி குழந்தையின் கண்ணில் படாது. அம்மாவின் கண்ணிலும் படாது. ரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழும் பெரியவர்கள் குறைவில்லை, அதுவும் பெரும்பாலும் "எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துப்பேன்" என்று சொன்னவர்கள்தான்.

இரண்டாவது முறையில் குழந்தையின் முதுகு பெற்றோரின் நெஞ்சில் சாய்ந்திருக்கும். என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் அமைதியாக இருப்பேன் என்கிற மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இது பொருந்தும். குழந்தையின் கால்களைத் தன் தொடைகளுக்கு இடையில் அடக்கிக்கொண்டு, ஒரு கையால் குழந்தையின் சும்மா இருக்கும் கையையும் வயிற்றையும் சேர்த்து அணைக்க வேண்டும். பெற்றோரின் முகம் குழந்தையின் தலைக்கு நேர் பின்னால் இருக்கக் கூடாது, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். குழந்தை தலையைப் பின்னால் எறிந்தால் உடைவது பெற்றோரின் உதடு.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மடியைவிடத் துணிச் சுற்றல் வசதி. மெல்லிய துணியில் தோள்வரை சுற்றி, தேவையான கையையோ காலையோ மட்டும் வெளியே விட வேண்டும். சுற்றிய பிறகு நெஞ்சுக்கும் துணிக்கும் இடையே நம் விரல்கள் தாராளமாகப் போக வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணில் பட வேண்டும். எந்த வயதிலும் குழந்தையின் நெஞ்சின்மேலோ வயிற்றின்மேலோ யாரும் சாய்ந்து எடையைப் போடக் கூடாது, குப்புறப் போட்டும் பிடிக்கக் கூடாது. குழந்தைகள் மூச்சுக்கு வயிற்றையே அதிகம் நம்பியிருக்கிறார்கள்.

பெற்றோரின் வேலை அணைப்பது மட்டும். கையை அசையாமல் வைப்பது அவர்கள் வேலையாகக் கூடாது. வலிக்கும்போது தன்னை அழுத்திப் பிடித்தது அம்மா என்ற நினைவு அந்தக் குழந்தைக்குத் தேவையில்லை, அம்மாவுக்கும் தேவையில்லை. தன்னால் முடியாது என்று ஒரு தாய் சொன்னால் அதிலும் தவறில்லை. பாட்டியோ அத்தையோ வரலாம், இல்லையென்றால் ஒரு செவிலியர் அணைக்கலாம்.

கையை அசையாமல் வைப்பவர் ஒரே ஒருவர். இந்த ஒருவரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

புறங்கையில் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஊசி போடுபவர் தன் இடது கையால் குழந்தையின் நான்கு விரல்களையும் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டை லேசாகக் கீழே மடக்கி, கட்டைவிரலால் தோலை விரல்நுனிப் பக்கம் இழுத்து வைப்பார். உதவியாளர் குழந்தையின் முன்கையை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தன் கையால் வளையம்போலச் சுற்றிப் பிடிப்பார். அவருடைய மற்றொரு கை முழங்கைக்கு அடியில் இருந்து, கை பின்னால் இழுபடாமல் தடுக்கும். இப்படி அந்த முதல் கை மூன்று வேலைகளைச் செய்கிறது: அசையாமல் வைக்கிறது, தோலை மேல்பக்கம் இழுத்து நரம்பு உருளாமல் தடுக்கிறது, டூர்னிகே பட்டைக்குப் பதிலாக ரத்தத்தைத் தேக்குகிறது. சிறு குழந்தைக்கு ரப்பர் பட்டையைவிட நல்ல கை எவ்வளவோ மேல். வேண்டும்போது அழுத்தலாம், வேண்டாதபோது விடலாம்.

கெடுவதும் இங்கேதான். நரம்பில் ரத்தம் தேங்க வேண்டுமானால் வெளியேறும் பாதை அடைபட வேண்டும், தமனி வழியாக உள்ளே வரும் பாதை திறந்திருக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் இரண்டுமே அடைபடும், கை வெளுக்கும், நரம்பு காலியாகும். நீர்வற்றி ரத்த அழுத்தம் இறங்கிப்போன குழந்தையில் இதற்குப் பெரிய பலம் தேவையில்லை, சாதாரண பிடியே போதும். அதாவது, எந்தக் குழந்தைக்கு நரம்பு கிடைப்பது கடினமோ அதே குழந்தையின் நரம்பைத்தான் நம் பதற்றப் பிடி முதலில் மறைக்கிறது. சோதிக்க எளிய வழி: நகக்கண் சிவப்பாக இருக்கிறதா, மணிக்கட்டில் நாடி தெரிகிறதா. இரண்டும் இல்லையென்றால் பிடியைத் தளர்த்திப் பத்து விநாடி காத்திருந்தால் நரம்பு தானாக எழும்பும்.

மணிக்கட்டை அளவுக்கு மீறி மடக்கினாலும் நரம்பு தட்டையாகிவிடும். உதவியாளரின் கை ஊசி இறங்கும் இடத்துக்கு மிக அருகில் வந்தால், கானுலாவைத் தோலோடு 10 முதல் 15 டிகிரி கோணத்தில் தாழ்த்த இடம் இருக்காது. ஊசி பிசகினால் குத்துப்படுவது அவர் விரல்தான். கையை நீட்டி இழுத்துப் பிடிப்பது இன்னொரு தவறு. ஒன்று முதல் நான்கு வயதுவரை, நீட்டிய கையைச் சுண்டி இழுத்தால் முழங்கையில் ஆரை எலும்பின் தலை வளையத்திலிருந்து நழுவிவிடும். டிரிப்ஸுக்காக வந்த குழந்தை கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகும். ஆகவே எலும்பின் நடுவில் அமுக்காமல், மூட்டுக்கு மேலும் கீழுமாகத் தாங்க வேண்டும், இழுக்கக் கூடாது. கணுக்காலின் உள்பக்க எலும்பு முனைக்கு முன்னால் ஓடும் நரம்பில் போடும்போதும் இதே விதிதான்: ஒரு கை தொடையின் கீழ்ப்பகுதியை மேலிருந்து தாங்கும், மறுகை பாதத்தைப் பிடிக்கும், முழங்கால் சில்லின்மேல் யாரும் அழுத்த மாட்டார்கள்.

டெங்கு காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. தட்டணுக்கள் இறங்கிய குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்தால் பிடித்த இடத்துக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் பூக்கும். டெங்குவுக்குச் செய்யும் டூர்னிகே சோதனையே அதை வைத்துத்தான். ஆனால் நாம் சோதனை செய்ய வரவில்லை. ரத்தம் உறையாமை நோய், எலும்பு நொறுங்கும் நோய் உள்ள குழந்தைகளிலும் பிடியின் பலத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எல்லாம் கைகூடி வந்த பிறகு கெடுகிற அந்த ஒரு நொடி. மஞ்சள் நிற 24 அளவுக் கானுலாவில் ரத்தம் மெதுவாகத்தான் எட்டிப் பார்க்கும். அது தெரிந்ததும் அறையில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள், பிடியும் கூடவே தளர்கிறது. ஆனால் அப்போது நரம்புக்குள் இருப்பது ஊசியின் நுனி மட்டும். பிளாஸ்டிக் குழாய் இன்னும் வெளியே. கோணத்தைத் தாழ்த்தி இன்னும் 1 அல்லது 2 மில்லிமீட்டர் உள்ளே போன பிறகுதான் குழாயை ஊசியின்மேல் நழுவவிட முடியும். குழந்தை கையை இழுக்க அந்த நேரம் போதும். எனவே பிடித்திருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது: ரத்தம் வந்ததும் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள், கையை விடாதீர்கள், பிளாஸ்டர் ஒட்டி, "விடுங்க" என்று நான் சொன்ன பிறகுதான் விட வேண்டும். ரத்தம் எட்டிப் பார்க்காமலே குழாய் உள்ளே இருப்பதும் நீர்வற்றிய குழந்தைகளில் நடக்கும். 1 மில்லி சலைன் தள்ளிப் பார்த்து, வீக்கமின்றித் தடையில்லாமல் போகிறதா என்று உறுதிசெய்யலாம்.

பிடிக்கும் நேரத்தைக் குறைக்கும் வழி பிடிப்பதற்கு முன்னால்தான் இருக்கிறது. 24, 22 அளவுகளில் இரண்டிரண்டு கானுலா, சலைன் நிரப்பிய 5 மில்லி சிரிஞ்ச், சலைன் நிரப்பிய நீட்டுக்குழாய், நறுக்கி ஓரத்தில் ஒட்டி வைத்த பிளாஸ்டர் துண்டுகள், ரத்தப் பரிசோதனைக் குப்பிகள், கை மடங்காமல் கட்டி வைக்கப் பஞ்சு வைத்துச் சுற்றிய அட்டை, கைக்கெட்டும் தூரத்தில் பயன்படுத்திய ஊசியைப் போடும் டப்பா. குழந்தையைப் பிடித்துவிட்டு "பிளாஸ்டர் எங்கே?" என்று தேடுவதுதான் நம் வார்டுகளில் மிக நீண்ட இரண்டு நிமிடம்.

அவசரம் அவ்வளவாக இல்லையென்றால் மரப்புக் களிம்பு உதவும். லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் 2.5 சதவீதம் வீதம் கலந்த களிம்பைத் தடவி மூடி, குறைந்தது 60 நிமிடம் காத்திருக்க வேண்டும். 10 நிமிடத்தில் துடைத்துவிட்டுக் குத்துவது சடங்கு மட்டுமே. 3 மாதத்துக்குக் கீழே 1 கிராம், 3 முதல் 12 மாதம்வரை 2 கிராம் என்பது உச்ச வரம்பு. மீறினால் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழக்கும் ஆபத்து உண்டு. கைக்குழந்தைகளுக்கு 24 சதவீதச் சர்க்கரைக் கரைசலைக் குத்துவதற்கு 2 நிமிடம் முன்பு நாக்கின் முன்பகுதியில் சில சொட்டு விடுவது அழுகையைக் குறைக்கிறது. தாய்ப்பால் கொடுத்தபடியே போடுவதும் நல்ல வழி, குழந்தை நினைவோடு இருந்து, வாய்வழி எதுவும் தரக் கூடாது என்ற கட்டுப்பாடு இல்லாவிட்டால். சர்க்கரைக்குப் பதில் பாட்டி தேன் கொண்டு வந்தால் அன்போடு மறுத்துவிட வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் பாட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரலாம்.

பேச்சும் ஒரு பிடிதான். ஆறு பேர் ஒரே நேரத்தில் "ஒண்ணுமில்லடா", "அழாதடா", "ஆட்டாத", "தோ ஆச்சு" என்று கத்தினால் குழந்தைக்குக் கேட்பது இரைச்சல். ஒருவர் மட்டும் பேசட்டும். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய் ஒரு தடவைதான் செல்லும். "கொஞ்சம் கிள்ளுற மாதிரி இருக்கும், அம்மாவைக் கெட்டியா கட்டிக்கோ, கையை மட்டும் பொம்மை மாதிரி வச்சுக்கோ" என்று செய்ய வேண்டியதைச் சொல்வது பயன்படும். பயமுறுத்தி அடக்குவது வேண்டாம். "சாப்பிடலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் வருடக்கணக்காகச் செய்த பிரசாரத்தின் பலனைத்தான் அவசரப் பிரிவில் அறுவடை செய்கிறோம்.

எப்போது நிறுத்துவது? ஒருவர் இரண்டு முறை முயன்று முடியவில்லையென்றால் கை மாற வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. யாருக்குக் கடினமாக இருக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க ஒரு மதிப்பெண் முறையும் உண்டு. பட்டை கட்டியும் நரம்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால் 2, விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் 2, வயது ஒன்று முதல் மூன்றுக்குள் என்றால் 1, ஒரு வயதுக்குக் கீழே என்றால் 3, குறைமாதத்தில் பிறந்திருந்தால் 3. கூட்டுத்தொகை 4 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் குத்தலில் தோற்கும் வாய்ப்பு பாதிக்கும் அதிகம். அத்தகைய குழந்தையை முதலிலேயே அனுபவசாலியிடம் கொடுத்துவிடுவது நல்லது. பயிற்சி மருத்துவர் கைபழக இது இடமில்லை.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 2010-இல் வெளியிட்டு 2019-இல் புதுப்பித்த வழிகாட்டி, குழந்தையை அடக்கிக் கட்டுப்படுத்துவதையும், சிகிச்சைக்கு உதவியாக அசையாமல் தாங்குவதையும் பிரித்தே பேசுகிறது. குழந்தை சம்மதிக்காத நிலையில் பலத்தைப் பயன்படுத்துவது கடைசி வழியாகவும், காரணம் எழுதி வைக்கப்படுவதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் நெரிசலில் இதெல்லாம் ஆடம்பரம் என்று தோன்றலாம். ஆனால் நான்கு பேர் பத்து நிமிடம் மல்லுக்கட்டுவதைவிட, இரண்டு பேர் மூன்று நிமிடத்தில் முடிப்பது நெரிசலுக்கும் நல்லதுதான்.

ஒரு குழந்தை மட்டும் இந்தக் கணக்கில் சேராது: குத்தும்போது கையை இழுக்காத குழந்தை. திமிறி உதைக்கும் குழந்தையிடம் ரத்த ஓட்டமும் மூளையும் இன்னும் வேலை செய்கின்றன. எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையை நீட்டிக்கொண்டு கிடக்கும் இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்து "சமத்து" என்று சொல்லிவிடக் கூடாது. அது ரத்த ஓட்டம் குலைந்துபோன அதிர்ச்சி நிலையின் (ஷாக்) அடையாளமாக இருக்கலாம். ஐரோப்பிய உயிர்மீட்புக் குழுவின் 2021 வழிகாட்டிப்படி, 5 நிமிடத்துக்குள் அல்லது இரண்டு முயற்சிக்குள் நரம்பு கிடைக்காவிட்டால் எலும்புக்குள் ஊசி போட வேண்டும். முழங்காலுக்குக் கீழே துருத்தி நிற்கும் மேட்டிலிருந்து 1 முதல் 2 செ.மீ. கீழே, உள்பக்கத் தட்டையான பரப்பு அதற்கான இடம். இங்கும் பிடிப்பதில் ஒரு கண்டிப்பு உண்டு. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைக்கலாம், பிடிப்பவர் தன் உள்ளங்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. சிறு எலும்பைத் துளைத்து மறுபக்கம் வரும் ஊசி நேராக அந்தக் கையில் இறங்கும்.

போட்டு முடித்த பிறகு முதலில் தேட வேண்டியது டூர்னிகே. கையுறையைக் கிழித்துச் செய்த பட்டை, கொழுகொழு கையின் மடிப்புக்குள் மறைந்து, மேலே சட்டைக்கை இறங்கிவிட்டால் யார் கண்ணிலும் படாது. அட்டை கட்டும்போது மூட்டு இயல்பான நிலையில் இருக்க வேண்டும், விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும், பிளாஸ்டர் கையை முழுவதுமாகச் சுற்றக் கூடாது, ஊசி இறங்கிய இடம் மூடப்படாமல் பார்வைக்கு இருக்க வேண்டும். வீக்கம், வெளுப்பு, சில்லிப்பு இருக்கிறதா என்று மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். குறிப்பேட்டில் எந்த இடம், எந்த அளவு, எத்தனை முயற்சி என்று எழுதுவதோடு எப்படிப் பிடித்தோம் என்பதையும் ஒரு வரி எழுதலாம்: "அம்மா மடி, நெஞ்சோடு நெஞ்சு, வலது புறங்கை, ஒரே முறை." இரவு இரண்டு மணிக்கு அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால், அடுத்த ஷிப்டில் இருப்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.